ராடு காயும் அடுப்பில் சாத்தமுது

அடுத்தவர் செய்த பொருளுக்கு மார்க் போடும் வேலையில் ஒரு சுகம் உண்டு. அதை நாமே கெடுத்திருப்போமோ என்ற சந்தேகம் மட்டும் வரவே வராது. எனக்கு வரவில்லை.

துவாக்குடிப் பக்கம், உலைகளுக்குப் பாகம் செய்யும் சின்னத் தொழிற்சாலை. செக்கச்செவேலென்று காய்ந்தாலும் விரிசல் விடாதபடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றவைக்க வேண்டும். இரண்டு கம்பெனி வெல்டிங் ராடுகளில் எது அதற்குத் தேறும் என்று சொல்ல வேண்டியவள், பயிற்சி முடியும் தறுவாயிலிருந்த நான். ரிப்போர்ட் சரியாக இருந்தால் வேலை நிரந்தரம். ஸ்ரீரங்கத்தில் ஏறிய பஸ் காவிரியைத் தாண்டுவதற்குள் தினமும் நிரந்தரமாகிவிடுவேன் (மனசுக்குள்தான்).

ராடின் மேல்பூச்சு ஈரத்தை உறிஞ்சும்; ஈர ராடால் பற்றவைத்தால் துளை விழும். அதனால் மின்சார அடுப்பில் காயவைத்த பிறகே பற்றவைப்பார்கள். முதல் கம்பெனி ராடு அழகாகப் பற்றியது. மறுநாள் காய்ந்த இரண்டாவது கம்பெனி ராடில், பற்றிய இடமெங்கும் ஊசித்துளைகள். ‘நிலவின் முகம்போல் குழிகள். தகுதியற்றது’ என்று எழுதினேன். (ஆமாம், நிலவு. அந்த வயதில் எதற்கும் நிலவு வரும்.)

அந்தக் கம்பெனி ஆள் நேரிலேயே வந்துவிட்டார். “இன்னொரு வாட்டி பாத்துடலாம் சார்” என்றார் மேனேஜரிடம். வெல்டர் சேவியர் அண்ணன் அடுப்பைத் திறந்தார். உள்ளே, கம்பெனி ஆளுடைய ராடுகளுக்குப் பக்கத்தில், மூடியை லேசாகத் தூக்கி, நிதானமாக ஆவி விட்டுக்கொண்டு ஒரு டிபன் டப்பா. மிளகு வாசனை ஷெட்டெல்லாம் உலாவியது.

“யாருதுங்க இது?” என்றார் மேனேஜர்.

பதில் டப்பாவிலேயே இருந்தது. அம்மா எல்லாப் பாத்திரத்திலும் பெயர் வெட்டிவைப்பாள். டப்பாவில் என் பெயர், இனிஷியலோடு.

“தினமும் வெப்பாங்க சார். சூடா இருந்தாத்தான் எறங்குமாம்” என்றார் சேவியர் அண்ணன், எனக்கு உதவுவதாக நினைத்து.

“அப்ப மொத கம்பெனி ராடு எப்படிம்மா தேறுச்சு?” என்றார் மேனேஜர் என்னிடம்.

“அன்னிக்கு ஏகாதசி சார். நான் சாப்பாடு கொண்டு வரல.”

கம்பெனி ஆள் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்.

டப்பா இல்லாமல் காய்ந்த அவருடைய ராடு, ஒரு துளைகூட இல்லாமல் பற்றியது. என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. கடிதத்தில் காரணம்: ‘சோதனைப் பொருளுடன் ரசம் வைத்தது.’

அப்பா அதை இரண்டு தடவை உரக்கப் படித்தார். வேலை தள்ளிப்போனதில் அம்மாவுக்குப் பெரிய வருத்தமில்லை. “என் சாத்தமுதாலயா ஓட்டை விழுந்துதாம்?” (ரசம்தான். எங்கள் வீட்டில் அதற்குச் சாத்தமுது என்று பெயர்.)

இன்றும் ஸ்ரீரங்கத்தில் சாப்பிட உட்கார்ந்தால், என் கணவர் ஸ்டீல் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாத்தமுதுக்கு நீட்டுவார். அம்மா முகம் மாறாமல் எனக்கு ஊற்றிவிட்டு, “உங்களுக்கு மோர் போறும் மாப்பிள்ளை” என்று நகர்ந்துவிடுவாள்.