அழுக்குப் படக்கூடாத குட்டை

நகராட்சி வடிகால் பிரிவின் உதவிப் பொறியாளர் தம் உத்தியோகத்தில் உருப்படியாகச் செய்தது ஒரே காரியம்தான். ஏரிக்கு முன்னால் ஒரு குட்டை வெட்டினார்.

தெருவில் பெய்கிற மழை சும்மா ஏரிக்குப் போவதில்லை. சேறு, வண்டி எண்ணெய், தோட்டத்து உரம், நாய் போட்டது என்று வழியில் கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு போகும். அதைக் குட்டையில் நிறுத்தி, கசடு அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை ஏரிக்கு விடுவது ஏற்பாடு. ஊர் குடிப்பது அந்த ஏரித் தண்ணீரைத்தான். சில வருஷத்துக்கு ஒருமுறை தூர் வாரினால் போதும். தூர் வாருவது பரிசீலனையில் இருந்தது. பரிசீலித்துக்கொண்டிருந்தவரும் அவரேதான்.

இதற்கிடையில் நீர்க்கரையில் வீடு வாங்குவது நாகரிகமாகிவிட்டது. குட்டையைச் சுற்றி அடுக்குமாடிகள் முளைத்தன. ஜன்னலைத் திறந்தவர்களுக்கு, விளம்பரப் படத்தில் இல்லாத கோரையும் சேறும் தெரிந்தன. குடியிருப்போர் சங்கத் தலைவி நேரே ஆணையர் அறைக்கு வந்துவிட்டார்.

"சார், குட்டை ரொம்ப அழுக்கா இருக்கு."

"அழுக்கைப் பிடிக்கத்தாம்மா அதை வெட்டினதே" என்றார், கோப்போடு அங்கே நின்றிருந்த பொறியாளர்.

ஆணையர் பார்த்த பார்வையில் அவருடைய அடுத்த வாக்கியம் தொண்டையிலேயே படிந்துவிட்டது.

"எதனால அழுக்காகுது?" என்று ஆணையர் கேட்டார்.

"அழுக்குத் தண்ணி வர்றதால சார்."

"அப்போ வராம பண்ணுங்க. இதுக்கு ஒரு கூட்டமா?"

பதவி உயர்வு நெருங்கிக்கொண்டிருந்ததால், இந்த வாதத்தின் ஆழம் பொறியாளருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பொதுமக்களின் நலன் கருதி, போர்க்கால அடிப்படையில், தெருத் தண்ணீரைக் குட்டையில் விடாமல் சுற்றிக்கொண்டு நேரே ஏரிக்கு அனுப்பும் ஒரு குழாயை அவரே வரைந்தார். 'குட்டைப் பாதுகாப்புக் குழாய்' என்ற பெயரும் அவருடையதே. வரையும்போது மனம் கொஞ்சம் கோணியது உண்மைதான். கோடு மட்டும் நேராக வந்தது.

கோரையைப் பிடுங்கினார்கள். அடியில் நீல ஓடு பதித்தார்கள். நடுவே ஒரு நீரூற்று, அதற்கு ஒரு வண்ண விளக்கு. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்து படம் பிடித்துக்கொண்டார்கள். 'மிகத் தூய்மையான கசடு வடிகட்டும் குட்டை' என்று விருதே கிடைத்தது. ஆணையர் விருதை வாங்கினார். பொறியாளர் ஆணையரின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அவருக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது, சொல்ல வெட்கம்.

ஏரி பச்சையானது. வீட்டுக் குழாயைத் திறந்தால் பாசி வாடை. ஊர் காய்ச்சிக் குடித்தது, முகம் சுளித்தது, பழகிக்கொண்டது.

கோடையில்தான் உண்மையான நெருக்கடி வந்தது. வரவு இல்லாத குட்டை வற்றத் தொடங்கியது. நீரூற்று இருமியது. அவசரக் கூட்டம் கூடியது.

"ஏரியிலேர்ந்து பம்ப் பண்ணுங்க" என்றார் ஆணையர்.

"ஐயையோ, அந்தப் பச்சைத் தண்ணியா? எங்க குட்டை என்னத்துக்கு ஆகும்?" என்று தலைவி பதறினார்.

அறையே பொறியாளரைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமினார். "ஒரு வழி இருக்கு சார். ஏரித் தண்ணிய முதல்ல ஒரு பள்ளத்துல நிறுத்திடுவோம். கசடு படிஞ்சதும் தெளிஞ்ச தண்ணிய மட்டும் குட்டைக்கு விடலாம்."

சொல்லி முடித்த பிறகுதான், தாம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

ஆணையர் எழுந்தே விட்டார். "பிரமாதம்யா! இது இத்தனை நாளா யாருக்குமே தோணலையே!"

"தோணலை சார்" என்றார் பொறியாளர், தலையைக் குனிந்துகொண்டு.

புறம்போக்கு நிலம் ஒன்று காலியாக இருந்தது. பள்ளம் வெட்டினார்கள். பம்பு ஓடியது. குட்டை மறுபடி பளபளத்தது. பொறியாளரின் பெயருக்கு முன்னாலிருந்த 'உதவி' உதிர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபியோடு மனைவி ஒரு காகிதத்தையும் நீட்டினாள்.

"ஏங்க, நம்ம பின்தெருவுல எந்த மடையனோ ஒரு பள்ளத்தை வெட்டிவச்சிருக்கான். ஒரே நாத்தம், கொசு. தெருவே சேர்ந்து மனு குடுக்கப் போறோம். நீங்கதான் முதல் கையெழுத்துப் போடணும்."

"பள்ளத்தை மூடிட்டா அந்த அழுக்கு எங்கடி போகும்?"

"ஏன், ஏரி எதுக்கு இருக்கு?"

மடையன் யாரென்று சொல்லிவிடலாமா என்று ஒரு வாய் காபி குடிக்கும் நேரம் யோசித்தார். அப்புறம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அந்த மனு அவர் மேசைக்கே வந்து சேர்ந்தது. 'பொதுமக்களின் கோரிக்கை நியாயமானதே. உடனடியாக ஆவன செய்யப்படும்' என்று ஓரத்தில் எழுதினார். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, அடுத்த குழாய் போட இடம் பார்க்கக் கிளம்பினார்.