கோடு சார் மயக்கத்தில் இருக்கிறார்

புயலைப் பார்த்து, "சொன்ன நேரத்துக்கு ஏன் வரவில்லை?" என்று கோபித்துக்கொள்ளும் தகுதி இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் பெயர் கோடு சார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு நிச்சயம் இருந்திருக்கும். அதைக் கேட்டு வைத்துக்கொள்ளும் அவகாசம் பழவேற்காடு ஏரிக்கரையில் எவருக்கும் வாய்க்கவில்லை. வந்து இறங்கிய அன்றே அவர் சுவரில் கோடு போடத் தொடங்கினார். ஊரும் அன்றே பெயர் வைத்துவிட்டது.

பாலம் கட்டுகிற இடங்களில் காலமெல்லாம் திட்ட மேலாளராக இருந்தவர் அவர். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, எது தாமதித்தால் எல்லாமே தாமதிக்கும் என்பதையெல்லாம் படுக்கைக் கோடுகளாக வரைந்து காட்டுவது அவருடைய தொழில். பேரிடர்க் காலத்தில் ஓடி உழைப்பவர்களுக்கும் அந்தக் கலை வேண்டும் என்று யாரோ முடிவுசெய்து, அவரை ஏரிக்கரைக் குப்பமான தோணிரேவுக்கு அனுப்பியிருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள், வருவாய்த் துறையினர், மீனவக் குப்பங்களின் தன்னார்வலர்கள் எனக் கலவையான வகுப்பு. பாடங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பொன்னேரியில் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வுபெற்ற என்னை, அவற்றைத் தமிழாக்கித் தர அமர்த்தியிருந்தார்கள். தூண்கள்மேல் உயர்ந்து நிற்கும் புயல் பாதுகாப்பு மையத்தின் மாடிதான் வகுப்பறை.

அந்த மாடியில் பொறுப்பாளர் இல்லாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. மின்விசிறிப் பொத்தானுக்குக் கீழே ஒருவர் பெயர், தண்ணீர்க் குடத்துக்கு மேலே ஒருவர் பெயர், கதவுத் தாழ்ப்பாளில் ஒருவர் பெயர். ஒருநாள் மின்சாரம் போய்விட்டது. வியர்வையில் நனைந்தபடி, "இதற்குப் பொறுப்பாளர் யார்?" என்று கேட்டார் கோடு சார். ஜன்னலோரத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. "மேல கீறவன் சார். அவன் பேரையும் எழுதி ஒட்டிடுங்க."

குரலுக்கு உரியவள் மல்லிகா. ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையாலேயே இறால் பிடிக்கிறவள். தோணிரேவுத் தன்னார்வலர்களுக்குத் தலைவி. அவள் வாய்க்கு வேலி கிடையாது. முதல் நாள் வகுப்பில் கோடு சார், "எல்லா வேலைகளிலும் முக்கியமான வரிசைக்கு முக்கியப் பாதை என்று பெயர்" என்று தொடங்கினார். "எங்க ஊர்ல பாதையே கிடையாது சார், தண்ணிதான்" என்றாள். வகுப்பு சிரித்து முடித்து, தீயணைப்பு வீரர் ஏழுமலை சிரிப்பை அடக்கப் பார்த்துத் தும்மி முடித்து, மறுபடியும் சிரித்தது. கோடு சார் சிரிக்கவில்லை. "குறிப்பிடத்தக்க இடர்" என்று சொல்லி, சுவரில் ஒரு கோடு போட்டார்.

ஏழுமலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எரிகிற குடோனுக்குள் யோசிக்காமல் நுழையக்கூடிய அந்த ஆஜானுபாகு, கோடு சார் சொன்ன எதையும் மீறமாட்டார். பக்தி என்றே சொல்லலாம்.

நண்டு விவகாரத்தில்தான் அது எனக்குத் தெரிந்தது. மதியச் சமையலுக்காக வந்திருந்த நண்டுக் கூடை கவிழ்ந்து, ஒரு நண்டு தன் கொடுக்குகளைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் பிரவேசித்தது. வருவாய்த் துறை முழுவதும் நாற்காலிமேல் ஏறிக்கொண்டது. ஏழுமலை குனிந்து பிடிக்கப் போனார்.

"நில்லுங்கள்!" என்றார் கோடு சார். "பொறுப்பாளர் யார் என்று முடிவாகாத வேலையை யாரும் தொடக்கூடாது."

ஏழுமலை குனிந்த நிலையிலேயே நின்றார். நண்டு அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. அவர் முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. கை மட்டும் அசையவில்லை.

"சார், ஜல்தி ஒரு பேரச் சொல்லுங்க சார்! ஆளு அழுதுடப் போறாரு!" என்று மல்லிகா கத்தினாள்.

"மல்லிகா" என்று அறிவித்தார் கோடு சார். அவள் வந்து நண்டைப் பின்புறமாகப் பிடித்துத் தூக்கி, அதன் முகத்தைப் பார்த்து, "உனக்குப் பொறுப்பாளர் நான்தான். கொழம்புல பாக்கலாம்" என்றாள்.

அதே தீவிரத்தோடு அவர் காற்றையும் விசாரித்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்த மல்லிகாவின் நைனாவிடம் போய், "வாடைக்காற்று எப்போது திரும்பும்?" என்று கேட்டார். நைனா வானத்தைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், கோடு சாரையும் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்தார். "திரும்புறப்ப திரும்பும்." மறுநாள் சுவரில், காற்றின் வரிசைக்கு நேரே கால அளவு என்ற கட்டத்தில், சிவப்பு மையில் அழகாக எழுதியிருந்தது: திரும்பும்போது.

அந்தச் சிவப்புப் பேனாவை அவரைத் தவிர எவரும் தொட்டதில்லை. சுவர் முழுவதும் பரந்திருந்த திட்டப் படத்தில் கோடு போடவும் அழிக்கவும் திருத்தவும் மேலாளருக்கு மட்டுமே அதிகாரம். ஒரு மயிரிழை கோணினாலும் அழித்துவிட்டு, அளவுகோலை வைத்து மறுபடி வரைவார். சட்டைப் பையில் பேனா, அக்குளில் அளவுகோல். காய்ச்சல் வந்தவரைப் போல அளவுகோலை அங்கேயே செருகிக்கொண்டு கரையெல்லாம் நடப்பார்.

"சார், உங்களுக்கே எதனா ஆயிட்சின்னா? அப்ப யாரு கோடு போடுறது?" என்று மல்லிகா ஒருநாள் கேட்டாள்.

"எனக்கு ஒன்றும் ஆகாது."

"எப்படி அவ்ளோ உறுதியா சொல்றீங்கோ?"

"திட்டத்தில் இல்லையே!"

இதையெல்லாம் வேடிக்கையாகவே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, பயிற்சியின் இறுதியில் ஒரு கவலை வந்து சேர்ந்தது. ஆரஞ்சு நிறத்தில் மோட்டார் பொருத்திய ரப்பர் மீட்புப் படகு ஒன்று தோணிரேவுக்கு வெள்ளோட்டமாகத் தரப்பட்டிருந்தது. பயிற்சி முடிவில் ஒத்திகை நடக்கும்; சென்னையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார். ஒத்திகை ஒழுங்காக நடந்தால் படகு இங்கேயே இருக்கும். இல்லையென்றால் வேறு ஊருக்குப் போய்விடும்.

மல்லிகாவுக்கு அந்தப் படகு எவ்வளவு முக்கியம் என்பது எல்லோருக்கும் தெரியும். முந்தைய மழைக்காலத்தில் அவளுடைய நாத்தனார் இறால் பிடிக்கப் போன இடத்தில் காற்று மாறி, ஏரி நடுவே ஒரு சேற்றுத் திட்டில் சிக்கிக்கொண்டாள். ஊர்ப் படகுகளெல்லாம் கடலுக்குப் போயிருந்தன. "கரையில நின்னுனு கத்தினதுதான் மேடம். போறதுக்கு ஒண்ணுமில்ல. காத்தே பாவம் பாத்து அடங்கிச்சி" என்று என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவளிடம் கேலி இருக்கவில்லை.

ஒத்திகை நாள் வந்தது. கற்பனைப் புயல் கரையை நெருங்குகிறது. ஊர் மக்கள் பாதுகாப்பு மையத்துக்கு வர வேண்டும். மல்லிகா தலை எண்ணி, எல்லோரும் வந்தாயிற்று என்று உறுதிசெய்து, "முடிஞ்சது" என்று அறிவிக்க வேண்டும். அவள் அறிவித்த பின்னரே ஏழுமலை படகை எடுத்துச் சென்று, சேற்றுத் திட்டில் காலொடிந்து மயங்கிக் கிடப்பவரை மீட்டு வர வேண்டும். முந்தைய வேலையின் பொறுப்பாளர் வாயிலிருந்து "முடிஞ்சது" என்ற சொல் வராமல் அடுத்த வேலை தொடங்கக்கூடாது. இது கோடு சாரின் சட்டங்களில் தலையாயது.

காலொடிந்தவராக நடிக்க வேண்டிய மல்லிகாவின் தம்பி அன்றைக்கென்று மீன்பாடு நன்றாயிருக்கிறது என்று கேள்விப்பட்டு, கடலுக்குப் போய்விட்டான். "ஓர் ஆள் வரவில்லை என்பதற்காகத் திட்டம் தள்ளிப்போகக் கூடாது" என்றார் கோடு சார். காலில் மரச்சட்டம் வைத்துக் கட்டிக்கொண்டு, 'மயக்க நிலை' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தானே போய்த் திட்டில் படுத்துக்கொண்டார்.

ஊர் வந்து கூடியது. மல்லிகா எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "மேடம், ஓராளு கொறையுது" என்றாள்.

"யார்?"

"யாரு? அவருதான்!" என்று ஏரியைக் காட்டினாள்.

எனக்குத் தலை சுற்றியது. தம்பிக்குப் பதிலாகத் திட்டில் கிடப்பவரும் ஊர்க் கணக்கில் சேர்ந்தவர். அவர் வந்து சேராமல் எண்ணிக்கை முடியாது. எண்ணிக்கை முடியாமல் படகு புறப்படாது. படகு புறப்படாமல் அவர் வந்து சேர முடியாது. இத்தனை நாள் சுவரில் பார்த்துப் பார்த்துப் பூரித்த படத்துக்குள் இப்படி ஒரு வட்டம் ஒளிந்திருந்ததை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை, வரைந்தவரும் கவனிக்கவில்லை.

ஏழுமலை மோட்டாரை உறுமவிட்டபடி படகில் சிலையாக உட்கார்ந்திருந்தார். "போங்க ஏழுமலை!" என்றேன்.

"'முடிஞ்சது' வரல மேடம்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருமுறை இருமினார். திட்டிலே பூநாரைகள் சில, நீண்ட கால்களோடு மெல்ல நடந்து வந்து, கோடு சாரைச் சூழ்ந்து நின்று, துக்கம் விசாரிக்க வந்தவைபோலக் கழுத்தை வளைத்துப் பார்த்தன. பொறுமையிழந்த கோடு சார் எழுந்து உட்கார்ந்து, "வாங்க! வாங்க!" என்று கையை ஆட்டினார்.

"நீங்க மயக்கத்துல இருக்கீங்க சார்!" என்று ஏழுமலை மரியாதையோடு கூவினார். "மயக்கத்துல இருக்கிறவங்க உத்தரவு குடுக்கக் கூடாது! நீங்கதான் சொன்னீங்க!"

கோடு சார் ஒரு கணம் யோசித்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். மறுபடி படுத்துக்கொண்டார்.

தண்ணீர் முழங்காலளவுதான். எழுந்து நடந்தாலே கரைக்கு வந்துவிடலாம். ஆனால் மீட்கப்பட வேண்டியவர் தானாக நடந்து வந்தால் ஒத்திகை தோற்றது, படகும் போயிற்று. திட்டத்தை மாற்றலாம் என்றால், மாற்றும் அதிகாரம் மயக்கத்தில் கிடந்தது. சிவப்புப் பேனா அதன் சட்டைப் பையில் இருந்தது. அதிகாரி குறிப்பேட்டை மூடத் தொடங்கினார்.

மல்லிகா படகைப் பார்த்தாள். திட்டைப் பார்த்தாள். நாத்தனார் சிக்கிக்கொண்ட அதே திட்டுதான். கடகடவென்று படியிறங்கி ஏரிக்குப் போய், கை நிறையக் கறுப்புச் சேற்றை அள்ளிக்கொண்டு மேலே ஓடி வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், சுவரில் இருந்த அந்தப் புனிதப் படத்தின்மேல், தலை எண்ணும் கோட்டின் நடுவே விரலால் இழுத்து அதை இரண்டாக வெட்டினாள். இடமிருந்து வலமாகப் போன சேற்றுக் கோடு, பாதியில் மேலேறி, பிறகு மனம் மாறி இறங்கியது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! சாரு மயக்கத்துல கீறாரு. அவரு எந்திரிக்கிற வரைக்கும் நான்தான் சாரு. இங்க கீறவங்களை எண்ணினது ஒரு வேலை. அது முடிஞ்சது! அங்க கீறவரை எண்றது வேற வேலை. அத்த படகு வந்தப்புறம் பாத்துக்கலாம். ஏழுமலையண்ணா, கெளம்பு!"

படகு பாய்ந்தது. பூநாரைகள் இளஞ்சிவப்பாய்ச் சிதறின. திட்டில் மயங்கிக் கிடந்தவர், படுத்த நிலையிலேயே, இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

தூக்குக் கட்டிலில் அவரை மாடிக்கு ஏற்றி வந்தபோது அதிகாரி அந்தக் கைதட்டலைத்தான் முதலில் கேட்டார். "மயக்கத்தில் இருப்பவர் கைதட்டினாரே?"

"வலிப்பு சார்" என்றார் ஏழுமலை, கண்ணிமைக்காமல்.

அதிகாரி வெகுநேரம் ஏரிப் பக்கமாகவே திரும்பி நின்றார். தோள்கள் மட்டும் குலுங்கின. திரும்பியபோது முகம் அரசாங்க முகமாக இருந்தது. மேலாளர் செயலிழந்தாலும் வேலை நிற்காத ஊரில்தான் படகு இருக்க வேண்டும் என்று சொல்லி, அப்படியே எழுதியும் வைத்தார். மல்லிகா ஓடிப்போய் ரப்பர் படகின் சேறு படிந்த விலாவில் தலையைச் சாய்த்து, ஆட்டுக்குட்டியைத் தட்டுவதுபோல அதைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

தூக்குக் கட்டிலில் ஓர் ஒற்றைக் கண் திறந்து சுவரைப் பார்த்தது. "மல்லிகா, அந்தக் கோடு நேராக இல்லை."

"மயக்கம் தெளிஞ்சப்புறம் பேசுங்க சார்."

கண் பணிவோடு மூடிக்கொண்டது.

மறுநாள் அவர் படத்தை முழுவதும் அழித்து, வட்டத்தை நீக்கி, புதிதாக வரைந்தார். மேலாளருக்குக் கீழே மாற்று மேலாளர் என்று ஒரு கட்டம் முளைத்தது. அதன் பொறுப்பாளர் பெயரை நீங்களே ஊகிக்கலாம். பயிற்சி முடிந்து அவர் வேறு கரைக்குப் போனார். போகும்போது அளவுகோலை எடுத்துக்கொண்டார், சிவப்புப் பேனாவை மறந்துவிட்டார். அப்படித்தான் சொன்னார். எதையும் மறக்கிற மனிதர் அல்ல அவர்.

அண்மையில் தெற்கே ஒரு கடலோர ஊரிலிருந்து, அவரிடம் பயிலும் இளம்பெண் ஒருத்தி பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்க என்னை அழைத்தாள். பேச்சு முடிகிற நேரத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எல்லாக் கோட்டையும் சார் அளவுகோல் வைத்துத்தான் போடுகிறாராம். ஒரே ஒரு கோட்டுக்கு மட்டும் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, விரலாலேயே, பாதியில் மேலேற்றி இறக்கி, கோணலாக இழுக்கிறாராம். ஏன் சார் என்று கேட்டால் ஒரே பதில்தானாம்.

"அது தோணிரேவு."