சந்திரம்மாள் கடை இதழில் ஐஸ்வர்யா வேறு மாதிரி இருக்கிறாள்

பென்னலூர்,
ஆகஸ்ட் 2004

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பென்னலூரிலிருந்து சந்தனமாரி ரகுபதி எழுதிக்கொள்வது. தாங்களும் துணை ஆசிரியர்களும் குறுக்கெழுத்துப் போட்டி தயாரிப்பவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சாலையைத் தவிர மற்ற எல்லோரும் நலம். இது ஒரு புகார்க் கடிதம். புகார் என் மாமியார் திருமதி லீலா அவர்களுடையது. எழுதுகிறவள் நான். குற்றவாளியும் நானே என்பதால் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளவும்.

அத்தை சொல்லச் சொல்ல எழுதிய முதல் வரியை அப்படியே தருகிறேன்: "இன்னாய்யா நெனச்சிகினு கீறீங்க? எங்க வூட்டுக்கு ஒரு கத, டீக்கடைக்கு ஒரு கதயா?" கல்லூரி நாட்களில் மனநோய்க்காக மருத்துவமனையில் இருந்ததை மறைத்துக் கண்ணப்பனைக் கட்டிக்கொண்ட ஐஸ்வர்யாவின் கதையைத் தொடராக வெளியிடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் கேட்கிறார். அத்தைக்குப் பொடி எழுத்து தெரியாது, கண்ணில் நீர் வரும். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் நான் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் காபியைக் கையில் கொடுத்து, "எம்மா மாரி, அந்தப் பொண்ணு இன்னா ஆனான்னு படி" என்பார். முதல் வாரம் அச்சில் இருந்தபடியேதான் படித்தேன். ஆஸ்பத்திரி விஷயம் வந்ததுமே அத்தை டம்ளரை ணங்கென்று வைத்தார். "அடப்பாவிங்களா, பைத்தியத்த தலையில கட்டிட்டானுங்களே! பாவம், அந்தக் கண்ணப்பன் ஆத்தா."

ஐயா, எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. பிளஸ் டூ முடித்த வருஷம், சாத்தூரில், வீட்டில் யாருமே பேசாத போதும் யாரோ என் பெயரைச் சொல்லித் திட்டுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மதுரை டாக்டரின் மாத்திரையில் அந்தக் குரல் அடங்கியது. அது அடங்கியே இருக்க வேண்டும் என்பதற்காக இன்றும் மாத்திரை போடுகிறேன். காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரராக இருந்த ரகுபதியிடம் கல்யாணத்துக்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர், "அதுக்கின்னா? எனக்கு வீசிங் கீதே" என்றார். உலகத்தில் எனக்குக் கிடைத்த மிக அழகான பதில் அதுதான். ஆனால் கூடவே, "அம்மாகிட்ட மட்டும் நான் பொறுமையா சொல்லிக்கிறேன்" என்றும் சொன்னார். அவருடைய பொறுமை சாதாரணப் பொறுமையல்ல. கல்யாணமாகி இரண்டு தீபாவளி போய்விட்டது. மாதம் ஒருமுறை சென்னை டாக்டரிடம் போவதற்குப் பல் வலி என்று காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அத்தையின் கணக்குப்படி என் வாயில் இப்போது ஒரு பல்கூட மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனாலும் அவர் கண்ணெதிரிலேயே முறுக்கு கடித்து வருகிறேன்.

ஆகவே, இரண்டாம் வாரத்திலிருந்து உங்கள் கதையைக் கொஞ்சம் திருத்திப் படித்தேன். முதலில் சின்னத் திருத்தம்தான், ஐஸ்வர்யா உடைத்த கண்ணாடியைப் பூனை தட்டிவிட்டதாகச் சொன்னேன். அத்தை நம்பினார். அந்த நம்பிக்கை எனக்குத் துணிச்சலைக் கொடுத்தது, துணிச்சல் எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களைப் போன்றவர்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் எழுத்தாளர், மாமியாரை விட்டு ஐஸ்வர்யாவை அறையில் பூட்ட வைத்த வாரம், நான் அதே மாமியாரை விட்டு அவளை ஆட்டோவில் டாக்டரிடம் அழைத்துப் போக வைத்தேன். திரும்பி வந்ததும் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கவும் வைத்தேன். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவதான்டி பொம்பள" என்றார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது. இன்னும் சில வாரங்கள் இப்படியே போனால், "அத்தை, நானும் ஐஸ்வர்யா மாதிரிதான்" என்று சொல்லிவிடலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன்.

திட்டத்தில் சந்திரம்மாள் இல்லை. தெருமுனையில் டீக்கடை வைத்திருப்பவர். கடைக்கு உங்கள் இதழ் வரும், அவருக்கு மூக்குக்கண்ணாடியும் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் லாரி வந்தபோது, குடத்தோடு வரிசையில் நின்ற அத்தை ஐஸ்வர்யாவின் மாமியாரைப் புகழ்ந்திருக்கிறார்.

"எந்த மாமியாரு? ரூம்ல போட்டுப் பூட்டனாளே, அவளா?" என்றார் சந்திரம்மாள்.

"நாக்கு அழுவிடும்டி. அவ கஞ்சி ஊத்திக் குடுத்தா."

"ஊத்தனா, தல மேல!"

அதற்குப் பிறகு நடந்ததைப் பெரியவர்கள் படிக்கும் கடிதத்தில் எழுத முடியாது. ஒரு குடம் நசுங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த அத்தை நேராக மகனைத்தான் விசாரித்தார். என் கணவர் கம்பெனி கேட்டில் வந்து போகும் சரக்கைச் சோதிக்கிறவர். தூக்கக் கலக்கத்தில், "எல்லாத்துலயும் ஒரிஜினலு, டூப்ளிகேட்டு ரெண்டும் வருதும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துவிட்டார். அவ்வளவுதான், அத்தைக்கு உண்மை விளங்கிவிட்டது. நீங்கள் சந்திரம்மாளுக்கு டூப்ளிகேட் கதையை விற்கிறீர்கள். இதைத் தட்டிக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

வரும் வாரம் 'அதிர்ச்சி முடிவு' என்று அறிவித்திருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை மாலை டீக்கடை பெஞ்சில் இரண்டு இதழ்களையும் அருகருகே வைத்து, தெருவே கூடி வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. ஏன் மாற்றிப் படித்தாய் என்று கேட்டால் என்னிடம் இருப்பது ஒரே ஒரு பதில்தான். அதை நானாகச் சொல்ல நினைத்திருந்தேன், பிடிபட்டுச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஆகவே தங்களை மன்றாடிக் கேட்பது: ஐஸ்வர்யாவைக் கிணற்றில் தள்ளிவிடாதீர்கள். மாத்திரை போட்டுக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, சில சமயம் சிரித்துக்கொண்டு, சாதாரணமாக இருக்கவிடுங்கள். நம்புங்கள், அதுவே எங்கள் தெருவுக்குப் போதுமான அதிர்ச்சி.

தங்கள் இதழ் மழையில் நனையாமல் எல்லா ஊருக்கும் போய்ச் சேரட்டும். கதாசிரியருக்கு நல்ல மனமும் நல்ல உறக்கமும் வாய்க்கட்டும். அலுவலகத்தில் அனைவருக்கும் என் வணக்கம்.

பணிவுடன்,
சந்தனமாரி ரகுபதி

பின்குறிப்பு: மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். அதிர்ச்சி முடிவையே தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். உறை ஒட்டப் பசை தேடி உள்ளே போய் வருவதற்குள், அத்தை கட்டிலில் உட்கார்ந்து, சந்திரம்மாளின் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, இந்தக் கடிதத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி எழுத்து இது, கோழி கிண்டனாப்பல?" என்றார்.

குடம் நசுங்கிய அன்றைக்குச் சாயங்காலமே கண்ணாடியை இரவல் வாங்கி எங்கள் இதழைப் படித்துவிட்டாராம். புகார் எழுதச் சொன்னது, நான் என்னதான் எழுதுகிறேன் என்று பார்க்கத்தானாம். மாத்திரை விஷயம் அதற்கும் முன்பே தெரியுமாம். "ஏலக்கா டப்பாவுல வெச்சிட்டு, பாயசம் வெக்கச் சொல்லி என்கிட்டயே கேக்கறியே, உனக்கு அறிவு கீதா?"

"அப்போ பைத்தியம்னு வஞ்சீங்களே அத்த?"

"பின்ன, எனக்கும் வந்துதுன்னா சொல்லுவாங்க?" என்றவர், கண்ணாடியைக் கழற்றினார். "ரகு பொறந்தப்போ கொயந்தய பாத்தா யார் வூட்டுப் புள்ளயோன்னு இருக்கும். கெணத்தாண்ட போய் நின்னுகினே இருப்பேன். செத்துப்போன உங்க மாமனாரு ஊருக்கெல்லாம் மஞ்சக்காமாலைன்னு சொல்லிட்டாரு. இன்னிக்கி வரைக்கும் அந்தச் சந்திரம்மா மழை பேஞ்சா கீழாநெல்லிய பறிச்சி அரைச்சிகினு வர்றா. நானும் கசப்ப முழுங்கிகினு கீறேன்."

நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பெஞ்சுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "அத நான் பாத்துக்கறேன். அவ புக்குதான் டூப்ளிகேட்டு. நீ சொல்ற கததான்டி நல்லா கீது" என்றார். பிறகு கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அது சரி, ஐஸ்வர்யா கடசீல இன்னா ஆவுறா?" என்றார்.

"தெரியல அத்த."

"நீதானே எழுதறே, தெரியலன்னா எப்டி? போ, சாப்ட்டு, மாத்திரய போட்டுகினு வந்து சொல்லு."