லாரி திரும்ப இடமில்லாத மாவு ஆலை

அன்பும் பொறுமையும் மிக்க மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்காவும் நலம். வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே நலம். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் அனுப்பிய பொம்மை ரயிலைப் பிரித்தபோது உங்களை மனத்துக்குள் திட்டினேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவளுக்குப் பழம் அனுப்பலாம், போர்வை அனுப்பலாம், தண்டவாளத்தையா அனுப்புவார்கள்? அவளோ மூன்று மாதமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சாப்பிடுகிறாயா என்றால் "ம்". ஜன்னலைத் திறக்கவா என்றாலும் "ம்". வேறு வழி தெரியாமல் சாப்பாட்டு மேசையை அவள் கட்டிலருகே இழுத்துப்போட்டு ரயிலை ஓடவிட்டேன். திரும்பவில்லை. சரி, முப்பது வருஷம் ஒரு மாவு ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளை எடைபோட்டாளே, அந்த ஆலையைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கட்டிவைத்தால் திரும்பமாட்டாளா என்று ஒரு நப்பாசை.

நான் பள்ளியில் பூகோளம் நடத்தியவன். தொழிற்சாலை என்றால் எனக்கு வரைபடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். இருந்தாலும் செருப்புப் பெட்டியில் கிடங்கு, பவுடர் டப்பாக்களில் கோதுமைத் தொட்டி, அட்டையைச் சுருட்டி ஒரு புகைபோக்கி என்று கட்டினேன். மாவு சிந்திக் கிடப்பதுபோல் இருக்கட்டும் என்று முகப்பவுடரைத் தூவிவிட்டு, வியர்க்கிறதே என்று மின்விசிறியைப் போட்டேன். அப்புறம் பவுடர் இல்லாத இடம் மேசை மட்டும்தான். தும்மிக்கொண்டே கூரையை ஒட்டும்போது பசை விரலில் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அழைப்புமணி. உங்கள் அக்காவுக்கு நடைப்பயிற்சி கொடுக்க வரும் பெண்ணுக்கு, வெள்ளை முகத்தோடும் ஆள்காட்டி விரலில் ஒரு கிடங்குக் கூரையோடும் கதவைத் திறந்தேன். "சார், நான் நாளைக்கு வரட்டுமா?" என்று பாவம் பின்வாங்கினாள்.

அப்போதுதான் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"லாரி எப்படித் திரும்பும்?"

"எந்த லாரி?" என்றேன். நான் லாரியே செய்யவில்லை.

"மூட்டை ஏத்த வர்ற லாரி. கிடங்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு விரல்கூட இடம் விடல. ரிவர்ஸ் எடுத்தா நேரா இன்ஜின் மேலதான். அப்புறம், மாவு ஆலைக்கு எதுக்குங்க புகைபோக்கி? மாவ வறுத்தா விக்கறாங்க?"

"தெரியாமத்தானே கட்டுறேன், நீ சொல்லு."

"வாயால சொன்னா உங்களுக்குப் புரியவா போகுது? தள்ளுங்க."

வாக்கரைப் பிடித்து எழுந்தாள். பயிற்சிப்பெண் கெஞ்சிக் கெஞ்சி நடக்காத அந்த நாலு அடியை நடந்து வந்து, என் புகைபோக்கியைப் பிடுங்கி எறிந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பவுடர்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று முதல் தினமும் காலையில் ஆலைக்கு வேலைக்குப் போகிறாள். நான் அங்கே சிப்பந்தி. மேசை முழுக்க ஆலை என்பதால் சாப்பாடு எனக்குத் தரையில், அவளுக்கு நாற்காலியில். இதெல்லாம் உங்கள் புண்ணியம், மைத்துனரே. நானாக இருந்தால் ஒரு டஜன் ஆரஞ்சு அனுப்பியிருப்பேன்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும். பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ரயில் அனுப்பச் சொன்னதே அவள்தானாம். "நாள் பூரா என் கால்மாட்டுல உட்கார்ந்து அழுது வடியறாருடா, அவர் கைக்கு ஏதாவது வேலை அனுப்பு" என்று, நான் குளிக்கப் போன நேரம் பார்த்து உங்களிடம் போனில் சொன்னாளாம். ஆகவே மேலே எழுதிய நன்றி முழுவதையும் உங்களிடமிருந்து திரும்பப் பெற்று அவளிடமே ஒப்படைத்துவிட்டேன். இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தீர்களே, அதற்கு மட்டும் ஒரு நன்றி வைத்துக்கொள்ளுங்கள்.