என் காரியத்துக்குத் தேதி குறித்த அண்ணனுக்கு

பெக்கம், லண்டன்
அக்டோபர் 19

எங்கள் குடும்பத் தலைவரும் எனக்கு மூத்தவருமான யாவ் பாஃபோ அண்ணன் அவர்களுக்கு, தங்கை அஃபுவா செர்வா பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். இந்த வரியை மற்றவர்கள் மரியாதைக்காக எழுதுவார்கள். நான் செய்தியாகவே எழுதுகிறேன். மூச்சு வருகிறது, முழங்கால் வலிக்கிறது, காலையில் இரண்டு உருண்டை ஃபுஃபுக் களி உள்ளே போனது. நம் ஊர் குமாசியில் நீங்களும் அண்ணியும் நலமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

போனிலேயே சொல்லியிருப்பேன். பதினோரு முறை அழைத்தேன். செத்தவள் நம்பரிலிருந்து மணி அடிக்கிறது என்று நீங்கள் போனைத் தண்ணீர்ச் சட்டிக்குள் போட்டுவிட்டதாக அண்ணி யாரிடமோ சொன்னாராம். அதற்கு முன்னால், குடும்பக் குழுவில் நானும் இருக்கிறேன் என்பதை மறந்து, "அஃபுவா உடல் எப்போது வரும்?" என்று கேட்டிருந்தீர்கள். "உடல் நன்றாக இருக்கிறது அண்ணா" என்று பதில் போட்டேன். அடுத்த நிமிஷம் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டீர்கள். அதனால்தான் ஊருக்கு வரும் பாஸ்டர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். எந்தப் பேயும் பாஸ்டரிடம் கடிதம் கொடுக்காது.

நடந்தது இதுதான். அக்டோபர் வந்தால் இங்கே நம் கறுப்பு மக்கள் சாதித்ததையெல்லாம் கொண்டாடுவார்கள். இந்த வருஷம் எங்கள் சந்தை வாசலில் இந்த வட்டாரத்து ஆட்கள் நான்கு பேருக்கு ஆளுயரப் பதாகை கட்டுவதாகச் சந்தைக் குழு முடிவு செய்தது. நைஜீரியக்காரப் பையன் தெமிதயோ, இதயம் அறுத்துத் தைக்கிற டாக்டர். ஆற்றின் மேல் பாலம் கட்டிய டிரினிடாட் பெண் ஒருத்தி. ஒரு நீதிபதி. நட்சத்திரங்களை ஆராய்கிற சியரா லியோன் பெண் ஒருத்தி. நான்கும் பொன்னான பெயர்கள், குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் குழுத் தலைவி வெர்னிஸ், ஜமைக்காக்காரி, பட்டியலை வாசித்து முடித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா வெர்னிஸ், இவங்க நாலு பேரும் படிக்கிறப்ப காத்தையா குடிச்சாங்க? முப்பத்தோரு வருஷமா கப்பல்ல கிழங்கு எறக்கி இந்த ஊருக்கே சோறு போட்டவ சாதிக்கலையா? ஒத்தைக் கூடையோட நடைபாதையில உக்காந்தேன், இன்னிக்கு மூணு கடை. இது எந்தப் பரீட்சைக்குக் கொறைச்சல்?" என்றேன். "கோவிச்சுக்காத செல்லம், உன்னையும் சேத்துடறோம்" என்றாள். அப்படித்தான் அண்ணா ஐந்தாவது பதாகைக்கு ஆளானேன். கேட்டு வாங்கிய வினை.

நான் டில்பரி துறைமுகத்தில் கிழங்குப் பெட்டியை மீட்க மூன்று நாள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பதாகை ஏறிவிட்டது. கறுப்பு வெள்ளைப் படம். முழுப் பெயர். 1961 என்று போட்டு ஒரு கோடு, கோட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. கீழே நான் செய்ததெல்லாம் வரிசையாக. எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் "கொண்டாடப்படும் ஒரு வாழ்க்கை"! நம் ஆட்கள் இதைப் பார்த்தால் வேறு என்ன நினைப்பார்கள்? வியாழக்கிழமை நான் திரும்பி வந்து பார்த்தால் என் கடை வாசலில் துக்கத்துக்குச் சிவப்பும் கறுப்பும் உடுத்திய கூட்டம், தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் நம் ஊர் மாமி டான்சோ தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு, "போயிட்டியே அஃபுவா, ராசாத்தி!" என்று அழுதுவிட்டு, அதே மூச்சில் பக்கத்துக் கறிக்கடைக்காரரிடம், "அந்த மூலைக் கடை இனிமே யாருக்குண்ணே?" என்று கேட்டாள். "எனக்குத்தான்டி!" என்றேன் பின்னாலிருந்து. அவள் போட்ட கூச்சலில் இரண்டு தெரு தள்ளி நின்ற பேருந்தும் கதவைத் திறந்ததாம். மற்ற நால்வரின் பதாகைகளை விட்டுவிட்டு என்னுடையதை மட்டும் படமெடுத்து உங்களுக்கு அனுப்பிய புண்ணியவதியும் அவளேதான்.

அதோடு முடிந்ததா? இங்கிருக்கும் நம் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்கள் வந்து நின்றார்கள். "அஃபுவா, நீ உசுரோட இருக்கிறது எங்களுக்குத் தெரியுது. ஆனா உசுரோட இருக்கிறவளை இப்படித் தொங்கவிட்டா சாவைக் கூப்பிட்டு நாற்காலி போட்ட மாதிரி. குமாசியில உன் அண்ணன் வேற தேதி குறிச்சிட்டாரு. போஸ்டரை எறக்கச் சொல்லு." உடனே வெர்னிஸ் ஏணியோடு வந்துவிட்டாள். "எல்லாருக்கும் சங்கடமா இருக்கு செல்லம், உன்னோடதை மட்டும் கழட்டிடலாமே?" எனக்கு வந்ததே ஆத்திரம்! டாக்டர் தொங்கலாம், நீதிபதி தொங்கலாம், பாலம் கட்டியவள் தொங்கலாம், கிழங்கு விற்றவள் தொங்கினால்தான் சாவு வருமா? "அந்த ஏணியில யாராவது கால வச்சீங்க, நெசமாவே ஒரு காரியம் நடக்கும்" என்று ஏணி முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டாவது நாளாக உட்கார்ந்திருக்கிறேன். அங்கேயிருந்துதான் எழுதுகிறேன்.

ஆகவே அண்ணா, இரண்டே காரியம். ஒன்று, நவம்பர் இரண்டாம் சனிக்கிழமைக்குக் குறித்த என் இறுதிச் சடங்கை உடனே ரத்து செய்யுங்கள். இரண்டு, "என் தங்கை உயிரோடு இருக்கிறாள், அந்தப் பதாகையைத் தொடாதீர்கள்" என்று உங்கள் குரலில் பதிவு செய்து சங்கத்துக்கு அனுப்புங்கள். தலைவர் சொல்லை அவர்கள் தட்டமாட்டார்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் எனக்கு அண்ணனும் இல்லை, நான் உங்களுக்குப் பிணமும் இல்லை.

அண்ணியின் பாதங்களுக்கு என் வணக்கம். நம் குலத்து முன்னோர் உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும். எனக்கும் மிச்சமிருந்தால் தரட்டும்.

இன்னும் உயிரோடிருக்கும் தங்கை,
அஃபுவா செர்வா

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். மகனுடைய பதாகையைப் பார்க்க டாக்டர் தெமிதயோவின் அம்மா அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் முக்காலிக்கு எதிரே வந்து நின்றாள். "டேய், உங்கப்பாவுக்கு வேலை போன ரெண்டு வருஷமும் நம்ம வீட்டு ஞாயித்துக்கெழமைக் கெழங்கு இவ கடையிலேருந்துதான் காசில்லாம வந்துச்சு. ஒருத்தர்கிட்டயும் இவ வாயத் தொறக்கல." அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பையன் நல்ல கோட்டோடு, மீன்கடைத் தண்ணீர் ஓடிய தரையில், அவர்கள் வழக்கப்படி நெடுஞ்சாண்கிடையாக என் முன்னால் விழுந்தான். சங்கத்துப் பெரியவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். வெர்னிஸ் ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது, அதை விடுங்கள்.

ஆகவே குரல் பதிவு வேண்டாம். சடங்கையும் ரத்து செய்யாதீர்கள். செத்த பிறகு இப்படியெல்லாம் பேசினால் எனக்கென்ன காது கேட்கவா போகிறது? அதே சனிக்கிழமை, அதே பந்தல். சிவப்புத் துணியை மட்டும் நாம் சந்தோஷத்துக்கு உடுத்தும் வெள்ளையாக்குங்கள், முன்வரிசையில் எனக்கு ஓர் இடம் வையுங்கள். மாதம் முடிந்ததும் ஐந்து பதாகைகளையும் சுருட்டிக்கொண்டு வருகிறேன். நம் தெருப் பெண்பிள்ளைகள் பார்க்கட்டும், யார் யார் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று. ஒன்று மட்டும்: அவற்றைக் கட்டின உடனே ஐந்து பேரும் போய்விட்டதாக ஊரே திரண்டுவிடும். நாற்காலியை அந்தக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.