உப்பிய கூரை

பூரிகளையே வீடாகக் கொண்ட நாடு ஒன்று இருந்தது. பூரியின் மேல்தோல் கூரை, கீழ்த்தோல் தரை. நடுவே தூண் கிடையாது. பின் கூரை எப்படி நிற்கும் என்றால், உள்ளே இருப்பவர்களின் மூச்சால்தான். நாலு பேர் பேசிச் சிரித்தால் வெப்பம் மேலேறும், கூரை கும்மென்று உப்பும். சண்டை போட்டால் இன்னும் நன்றாக உப்பும்.

செங்கமலமும் அவள் கணவன் மருதையனும் அப்படியொரு வீட்டில் சத்தமாக வாழ்ந்தார்கள்.

நாட்டில் வீடுகள் பெருக வேண்டும் என்று அரசர் விரும்பினார். ‘ஒரு வீட்டுக்கு ஒரு தலை’ என்று சட்டம் வந்தது. மருதையனை ஆற்றுக்கு அக்கரையில் புதுப் பூரியில் குடிவைத்தார்கள். வளர்ச்சிக்கு விழா எடுத்தார்கள்.

செங்கமலத்தின் கூரை அன்று மாலையே தொய்ந்தது. ஒருத்தியின் மூச்சு எம்மாத்திரம்? முதலில் குனிந்து நடந்தாள், பிறகு தவழ்ந்தாள். கடைசியில் மருதையன் எதிரே இருப்பதாக நினைத்துக்கொண்டு, அவன் குறட்டையைப் பற்றிய பழைய புகாரிலிருந்து பேசத் தொடங்கினாள். கூரை ஒரு முழம் எழுந்தது.

பேச்சு தெருவில் கேட்டுவிட்டது. கூரைத்துறை அமைச்சர் மண்டியிட்டு வாசலில் தலையை நுழைத்தார்.

“யாருடன் பேசுகிறாய்?”

“யாரும் இல்லீங்க ஐயா. கூரை இறங்குது, அதான்.”

“யாரும் கேட்காத பேச்சை அரசு எப்படிக் கண்காணிக்கும்? ஆகவே இது சதி.”

“அப்ப என் வீட்டுக்காரரை அனுப்பிவைங்க. நான் பேசினா அவரும் காதுல வாங்க மாட்டாரு. ஆனா பக்கத்துல இருப்பாரு.”

“ஒரு வீடு குறைந்துவிடுமே” என்று அமைச்சர் வருந்தினார்.

தனிப்பேச்சுத் தடைச் சட்டம் வந்தது. எல்லாக் கூரைகளும் சப்பையாகின. மக்கள் படுத்தபடியே வாழப் பழகினார்கள். அரசர் மாடத்திலிருந்து பார்த்து, மேடுபள்ளமே இல்லை, சமத்துவம் வந்துவிட்டது என்றார்.

அரண்மனையும் பூரிதான் என்பதையும், சட்டப்படி அங்கே அரசர் ஒரு தலைதான் என்பதையும் யாரும் யோசித்திருக்கவில்லை. கூரை கிரீடத்தைத் தொட்டது. உடனே மக்களை வண்டிகளில் ஏற்றிவந்து, உள்ளே நிறுத்தி, ‘வாழ்க’ என்று முழங்கச் சொன்னார்கள். கூரை ஜம்மென்று எழுந்தது.

கூட்டத்தில் மருதையன் இளைத்துப்போய் நின்றிருந்தான். செங்கமலம் இடித்துக்கொண்டு அவனருகே போனாள்.

“ஏங்க, சாப்டீங்களா?”

“இங்கே ஒரு சொல்லுக்குத்தான் அனுமதி” என்றார் அமைச்சர். “அதைச் சொல். இல்லையென்றால் வாயை மூடு.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். மூச்சையும் அடக்கிக்கொண்டாள். மருதையன் அவள் முகத்தைப் பார்த்தான். அவனும் அடக்கினான். பக்கத்தில் ஒருவரின் முழக்கம் பாதியில் நின்றது. பிறகு அவருக்கு அடுத்தவருடையது.

படுத்து வாழ்வது அவர்களுக்குப் பழகியிருந்தது. அரசர் மெல்ல அண்ணாந்து பார்த்தார்.