கணினி புதிதான அன்று நடந்த பாய்

சவாயித் தீவு,
புதன்கிழமை தொடங்கி சனிக்கிழமை முடித்தது.

ஆக்லாந்தில் இருக்கும் அன்புத் தம்பி இயோசியாவுக்கு, அண்ணன் விலியாமு தன் கையாலேயே எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அண்ணி பெனினாவும் சுகம், பன்றிகள் ஆறும் சுகம், ஈரப்பலா இந்த முறை கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் எல்லாரும் அப்படியே சுகமாக இருக்க வேண்டுகிறேன். 'தன் கையாலேயே' என்ற இடத்தில் நீ நின்று மறுபடி படித்திருப்பாய். சரியாகத்தான் படித்தாய்.

நீ பள்ளிக்கூடம் போன நாளில் நான் கொப்பரை உலர்த்தினேன். நாற்பது வருஷமாக என் பெயரில் உனக்கு வந்த கடிதங்களை வேறு யார் யாரோ எழுதினார்கள். அவர்கள் எழுதியது நான் சொன்னதைத்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போன வருஷம் நம் போதகரின் மனைவி லூசியா அம்மா வயதானவர்களுக்கு எழுத்து வகுப்பு தொடங்கினார். நான் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கொஞ்சம் பிடிபட்டதும், நீ அனுப்பிய பழைய மடிக்கணினியில் உன் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு கடிதம் தொடங்கினேன். நான்கு மாதம் எழுதினேன். எழுத்துகளை நான் வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன், அந்த விசைப்பலகையிலோ யாரோ எல்லாவற்றையும் கொட்டிக் கலைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு சொல் கிடைத்தால் அது நல்ல நாள்.

அப்படிப் போய்க்கொண்டிருக்கையில் கணினி ஓர் அறிவிப்பு காட்டியது. படித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. இந்தப் பதிப்புக்குப் பதினான்காம் தேதியோடு உதவி நின்றுவிடும், புதிய பதிப்புக்கு மாறுகிறீர்களா என்று கேட்டிருந்தது. உன் பிறந்தநாளோ இருபதாம் தேதி. இயந்திரம் நின்றுபோனால் கடிதமும் உள்ளேயே அகப்பட்டுக்கொள்ளுமே என்று பயந்து, திங்கட்கிழமை காலை 'ஆம்' என்பதை அழுத்தினேன். ஒருவர் எழுத்தில் கேட்டு, நானே படித்து, நானே பதில் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதனால் இரண்டு முறை அழுத்தினேன்.

பகல் முழுக்க ஒரு வட்டம் சுற்றியது. சாயங்காலம், 'உங்கள் கோப்புகளை நகர்த்துகிறேன், அணைக்க வேண்டாம்' என்றது. அதற்குக் கீழே மின்கலத்தில் ஐந்து சதவீதம்தான் மிச்சம் என்று காட்டியது. மின்னேற்றும் கம்பியின் முனை என் முதுகுக்குப் பின்னால் தூணில் தொங்கியது. கணினி ஒன்றரை கை தூரத்தில், ஒரு சின்னப் பாயின் மேல், பெனினாவின் முழங்கால் பக்கம் இருந்தது. எடுக்கலாம் என்று கை ஊன்றினேன், அந்தி ஜெபத்துக்குச் சங்கு ஊதிவிட்டது. ஒரு சங்குக்கும் மறு சங்குக்கும் நடுவே ஊரில் ஒருவரும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையக் கூடாது என்பது உனக்குத் தெரியும். அதைக் கண்காணிக்கும் குழுவுக்கு இந்த வருஷம் நான்தான் தலைவன் என்பதும், பன்றி பின்னால் ஓடிய டோமாவுக்குப் போன மாதம் ஒரு பெட்டி டப்பா மீன் அபராதம் போட்டவன் நான்தான் என்பதும் உனக்குத் தெரியாது. அதே டோமா அன்று காவல் முறையில் தடியோடு நம் வீட்டுக்கு எதிரே நின்றான். நம் வீட்டுக்குத்தான் சுவர் கிடையாதே.

கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினேன். "ஆண்டவரே, இந்த நாளுக்காக நன்றி. பெனினாவின் முழங்கால் அருகே இருக்கும் எளிய பெட்டியையும் நினைத்தருளும். அதை ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளும் எண்ணத்தை யாருக்காவது தந்தருளும்" என்றேன்.

பெனினா கண்ணைத் திறக்கவே இல்லை. "ஆண்டவரே, ஜெபத்துக்குள்ள ஜாடை பேசுற புருஷனை மன்னிச்சருளும். என் முழங்கால் வலியையும் நினைச்சருளும், சங்கு ஊதாம அது நகராது."

"ஆமென்" என்றான் டோமா, ரோட்டிலிருந்து.

பெனினா பாட்டை எடுத்தாள். எனக்குத் தெரிந்து அதைவிட நீளமான பாட்டு புத்தகத்தில் இல்லை. மூன்றாம் சரணத்தில் என் கால் கட்டைவிரல் தானாகவே நீண்டு பாயின் ஓரத்தைக் கொக்கி போட்டுப் பிடித்தது. மெதுவாக இழுத்தேன். நாலு சதவீதம். மறுபடி இழுத்தேன்.

"அண்ணே, உங்க பாய் நடக்குது" என்றான் டோமா.

"பாய் நடக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"பேசவும் கூடாது அண்ணே."

"நீ மட்டும் பேசலாமா?"

"நான் காவல். பன்றியைப் பார்த்தா ஓடத்தான் கூடாது, பாயைப் பார்த்தா பேசலாம்."

கம்பியின் முனையைக் கணினிப் பக்கம் கொண்டுபோனேன். இன்னும் இரண்டு விரல் தூரம்தான், திரை கறுத்துவிட்டது. அப்புறம்தான் முடிவுச் சங்கு ஊதியது. செவ்வாய்க்கிழமை காலை ஊர்க் கூட்டத்தில் டோமா எழுந்து, விலியாமு அண்ணன் அசையவில்லை, பாய்தான் அசைந்தது, ஆகவே குற்றம் பாயுடையது என்று சாட்சி சொன்னான். தீர்ப்பை நானே அறிவிக்க வேண்டியதாயிற்று. பாய் இப்போது போதகர் வீட்டில் இருக்கிறது.

அன்று மத்தியானம் கணினி உயிர் பெற்றது. புதிய பதிப்புத்தான், நிறம் எல்லாம் மாறி, ஓரத்தில் இருந்தவை எல்லாம் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தன. உன் கடிதத்தை மட்டும் காணவில்லை. பொழுது சாயும்வரை தேடினேன். பெனினாவுக்கே மனசு கேட்கவில்லை. "விடுங்க, எழுத நினைச்சதை போன்ல சொல்லிடலாமே" என்றாள். "போன்ல சொன்னா காதோட போயிடும். எழுதினா அவன் மடிச்சு வச்சுக்குவான்" என்றேன். அவள் உடனே எழுந்து போனாள். லூசியா அம்மாவிடமிருந்து ஒரு பேனா வாங்கி வந்து கொடுத்தாள். பேனாவில் எழுத்துகள் நான் கூப்பிட்ட வரிசையில் வருகின்றன தம்பி. இவ்வளவு எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை.

அறுபது வயதும் அதற்கு மேலும் ஆண்டவர் உன்னை நிறைவாக வைத்திருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி. இதை மடித்து வைத்துக்கொள்.

இப்படிக்கு,
விலியாமு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது லூசியா அம்மா வந்து கணினியைத் திறந்து பார்த்தார். "இது உங்க பக்கம் இல்லையே விலியாமு, பெனினாவோட பக்கமாச்சே" என்றார். கணினி புதிதானபோது அவள் பெயரில் இருந்த பக்கத்தைத் திறந்துவிட்டதாம்; அவளுக்கும் அதில் தனியாக ஒரு பக்கம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. என் பக்கத்தில் உன் கடிதம் ஒரு எழுத்தும் குறையாமல் இருந்தது. நான்கு மாதக் கடிதம், மொத்தம் ஆறு வரி. பாய் போனதுதான் மிச்சம். பெனினா பக்கத்திலும் ஒரு கடிதம் இருந்தது, உனக்கு மழைக்காலத்திலேயே அனுப்பியது. 'கொழுந்தனாரே, உங்கள் அண்ணன் உங்களுக்கு எழுதுவதற்காகவே எழுத்துப் படிக்கிறார். கடிதம் வந்ததும் நன்றாக ஆச்சரியப்படுங்கள். பிழை இருந்தால் சொல்லாதீர்கள்' என்று எழுதியிருக்கிறாள். ஆகவே மேலே முதல் வரியில் நான் உன்னை நிறுத்தி வைத்ததெல்லாம் வீண். இருந்தாலும் அவள் சொன்னபடி ஆச்சரியப்படு. அவள் கடிதத்தைப் படிக்க எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது. படிப்பில் நான் அவ்வளவு தூரம் வந்துவிட்டது அவளுக்குத் தெரியாது. நீ சொல்லிவிடாதே.